உங்கள் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் என்ன வேலை பார்க்கிறார்கள்?

பீடி சுற்றுகிறார்கள். எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். முக்கூடல், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டை என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகு வைத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களிடம் போய் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். சொல்லும்போதும் கை நிற்காது.

பள்ளியில் எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் படிவம் வந்தபோது அதே பேனாவால் 'பீடித் தொழிலாளி' என்று எழுதினேன். நோட்டுப் புத்தகம், சீருடை எல்லாம் இரண்டாவது படிவத்தில்தான் வந்தன.

இந்த 'சும்மா' எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் பீடி இலையை முதல்நாள் இரவே தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் சின்னத் தகரத் தகட்டை அளவு வைத்து, நரம்பு ஒதுக்கி, கத்தரியால் வெட்ட வேண்டும். ஓட்டை இலை, காய்ந்த இலை கழிந்து போகும். பிறகு ஒரு சிட்டிகை புகையிலைத் தூள், ஒரு உருட்டு, நூலில் ஒரு சுற்று. தூள் கூடினால் பீடி இழுக்காது. குறைந்தால் கடையில் எடுக்க மாட்டார்கள். பீடியின் வாயை மடக்குவது பெரும்பாலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் வேலை. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே நான் மடக்கிய பீடிகளுக்குக் கணக்கே கிடையாது. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். சமையல், தண்ணீர், மாடு எல்லாவற்றுக்கும் நடுவே ஆயிரம் சுற்ற, கைதேர்ந்தவர்களுக்கே விடிந்ததிலிருந்து இரவு வரை ஆகும்.

கடை என்று நாங்கள் சொல்வது இலையும் தூளும் கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் இடம். எங்கள் தெருவின் மொத்தக் கோபமும் அங்கேதான். கொடுக்கும் இலையில் ஆயிரம் தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்க வேண்டும். இவ்வளவு செய்து கொண்டுபோனால், கணக்கப்பிள்ளை கட்டை அமுக்கிப் பார்த்து ஒரு கை அள்ளி 'கழிவு' என்று ஒதுக்குவார். கழித்ததைத் திருப்பியும் தரமாட்டார். அம்மா ஒருமுறை, "அண்ணாச்சி, கழிந்த பீடியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். மறுவாரம் அவளுக்கு வந்த இலை முழுக்கச் சல்லடை.

ஆனாலும் இந்தத் தொழிலை வெறும் கொடுமை என்று சொல்ல என்னால் முடியாது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தறி நலிந்தபோது பல வீடுகளில் அடுப்பெரிந்தது பெண்கள் கைப் பீடியால். 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அதையடுத்து, கடையில் அவரவர் பெயரில் கணக்கு வைக்கும் பாஸ் புத்தகம், சேமநல நிதி, முக்கூடலில் ஒரு ஆஸ்பத்திரி. பெண் பார்க்க வருகிறவர்கள், "பெண்ணுக்குச் சொந்தப் பாஸ் இருக்கிறதா?" என்று கேட்ட காலம் உண்டு. அது பாதி மரியாதை, பாதி வரதட்சணை. என் அக்கா கழுத்தில் போட்ட நகையில் அப்பா சம்பாதித்தது எவ்வளவு, பீடி சம்பாதித்தது எவ்வளவு என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பா இருக்கும்போது அதைச் சொல்ல மாட்டாள்.

உடம்பு கொடுக்கும் விலை தனி. முதுகு, கழுத்து, தூள் நெடியில் விடாத இருமல். வீட்டில் ஒருவரும் புகைக்காமலே எங்கள் வீடு முழுக்கப் புகையிலை வாசனை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பீடித் தொழிலாளர் நலநிதிக்காக வசூலித்த செஸ் வரி போனது. பீடி குடிக்கிறவர்களும் குறைகிறார்கள். நல்லது என்று சொல்ல வாய் வருகிறது, அடுத்த வீட்டு மதினியின் முகம் நினைவுக்கு வந்ததும் அடங்கிவிடுகிறது. என் வயதுப் பெண்கள் பலர் நர்சிங், ஜவுளிக்கடை என்று போய்விட்டார்கள். மகள்களைச் சுளகு தொட விடாமல் வளர்த்தவர்களும் இதே அம்மாக்கள்தான்.

அம்மாவுக்கு 58 முடிந்து பென்ஷன் வருகிறது, மாதம் ஆயிரத்துச் சொச்சம். பாஸை முடித்துவிட்டாள். இப்போது மதினியின் பாஸில் ஒரு நாளைக்கு முந்நூறு பீடி சுற்றிக் கொடுக்கிறாள். போனில் கேட்டால், சும்மா இருக்கிறேன் என்கிறாள். பேச்சுக்கு நடுவே கத்தரிச் சத்தம் கேட்கிறது.