கதைக்குள் ஓடும் நாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சாகசத் தொடர்கதை எழுதுகிறேன். தீபாவளி இரவு வெடிச்சத்தம் தாங்காமல் ஒரு ராஜபாளையம் நாயும் ஒரு சிப்பிப்பாறை நாயும் வீட்டைவிட்டு ஓடுகின்றன. 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்ட அவை ஊர் திரும்ப எத்தனை நாள் ஆகும்? வழியை எப்படிக் கண்டுபிடிக்கும்? (ஓர் ஆசிரியை, கோவில்பட்டி)

முதலில் ராஜபாளையத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். உடலை வெள்ளையாக்கும் அதே மரபணுக் கூறு, உள்காதுக்குத் தேவையான நிறமிச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுவதே காரணம். உங்கள் ராஜபாளையத்துக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொண்டால், அது வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்க முடியாது. சிப்பிப்பாறை ஓடியது, துணையை விட மனமில்லாமல் இதுவும் பின்னால் ஓடியது. கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று நினைக்கிறோம். வழியில் லாரி வரும்போது சிப்பிப்பாறை ராஜபாளையத்தை இடித்துத் தள்ளிக் காப்பாற்ற வேண்டியிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகளின் குரலும் ராஜபாளையத்துக்குக் கேட்காது.

வெறும் கால்பலத்தை மட்டும் கணக்கிட்டால் 30 கிலோமீட்டர் ஒரு நாள் நடைதான். ஆனால் மிரண்ட நாய் நேராக நடக்காது. முதலில் தலைதெறிக்க ஓடும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து இரையைத் துரத்தும் நாய் என்பதால் அதன் முழுவேகம் சில நூறு மீட்டர்தான் நிற்கும். பிறகு பாலத்தடி, கருவேலங்காடு, வைக்கோல்போர் என்று எங்காவது பதுங்கும். விடியலிலும் அந்தியிலும் மட்டும் நகரும். ஆகவே நான்கைந்து நாள் கொடுங்கள்.

வழி கண்டுபிடிப்பதில் மூக்குதான் முதல் ஆள். வேட்டை நாய்களுக்குக் கருவி கட்டிக் காட்டில் விட்டுப் பார்த்த செக் நாட்டு ஆய்வாளர்கள் 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான தடவை நாய்கள் போன தடத்தையே மோப்பம் பிடித்துத் திரும்பின. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை புதுப்பாதையில் வந்தன. அப்படி வந்தவற்றில் பல, திரும்பும் முன் வடக்கு–தெற்குத் திசையில் சுமார் 20 மீட்டர் ஓடிப் பார்த்தன. பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசையைச் சரிசெய்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது, அது அடைமழைக் காலம். லேசான ஈரம் மோப்பத்துக்கு உதவும், கொட்டும் மழை தடத்தைக் கழுவிவிடும். இரண்டாம் நாள் இரவில் மழையைக் கொண்டுவாருங்கள். காலையில் தடம் இருக்காது. அங்கே அந்த 20 மீட்டர் ஓட்டத்தை எழுதலாம். ஆய்வில் நாய்கள் போன தூரம் சில கிலோமீட்டருக்குள்தான், ஆகவே முதல் முயற்சியிலேயே சரியாகப் போக வேண்டாம், ஒருமுறை தப்பான ஊருக்குள் நுழையட்டும்.

நுழைந்ததும் தெருநாய்கள் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம், ஒரு எல்லை. ஓடுகிற நாயைத்தான் துரத்தும், எல்லை முடிந்ததும் நின்று குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். விவரமான நாய் ஓடாது. வாலைத் தாழ்த்தி, பக்கவாட்டாக நின்று, மோந்து பார்க்கவிட்டு, மெல்ல நகர்ந்துவிடும். வில்லனாகத் தெருநாய்களைக் காட்டாதீர்கள். அவை தங்கள் தெருவைக் காக்கின்றன, அவ்வளவுதான்.

நாயின் உடலில் மைக்ரோசிப் இருப்பதால் கைபேசியில் அது போகும் இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் துரத்துவதாக எழுதலாமா? (மாணவர், கோவை)

முடியாது. மைக்ரோசிப் அரிசி அளவில் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும், அதில் பேட்டரி கிடையாது. சில சென்டிமீட்டர் அருகே ஸ்கேனரைக் கொண்டுபோனால் 15 இலக்க எண் மட்டும் தெரியும். இடத்தைக் காட்டுவது கழுத்துப்பட்டையில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி. பட்டை வேலிக்கம்பியில் மாட்டி அறுந்துபோகட்டும், கதை நகரும்.

ஓடிப்போன நாயைக் கண்டதும் சிறுவன் கத்திக்கொண்டே ஓடுகிறான், அதுவும் பாய்ந்து வந்து மடியில் விழுகிறது. சரிதானே? (ஓர் அம்மா, திருச்சி)

நிஜத்தில் அது மறுபடி ஓடிவிடும். பயத்தின் உச்சத்தில் இருக்கும் நாய்க்கு எசமானும் துரத்துகிற ஆள்தான். சிறுவன் நிற்க வேண்டும். பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார வேண்டும். கண்ணோடு கண் பார்க்கக்கூடாது, பேச வேண்டாம். வாசம் வலுவாக உள்ள கருவாட்டுத் துண்டையோ அவித்த கோழியையோ தன்னைச் சுற்றிச் சிதறவிட்டுக் காத்திருக்க வேண்டும். கால்மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். முதல் தடவை அது கையை மோந்ததும் பட்டையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. காற்று மாறிச் சிறுவனின் வாசம் மூக்கில் ஏறும் அந்த நொடியில் நாயின் உடல் முழுவதும் தளரும். பக்கங்களைச் செலவழிக்க வேண்டிய இடம் அது.

வழியில் பிள்ளைகள் ஓடிப்போன நாய்க்கு என்ன கொடுக்கலாம்? (அதே வாசகர்)

தண்ணீர்தான் முதலில். 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். உப்பில்லாத சோறும் முட்டையும் போதும். சாக்லேட் வேண்டாம். அந்த எடையுள்ள நாய்க்கு 100 கிராம் டார்க் சாக்லேட்டே வாந்தியும் படபடப்பும் வரச் செய்யும். அதுவும் உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து. திராட்சை, வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. வெந்த எலும்பு ஈட்டி போல் உடைந்து குடலைக் கிழிக்கும்.

பதுங்கியிருந்த நாய் சிறுமியைக் கடித்துவிடுகிறது. பாட்டி பச்சிலை கட்டியதும் ஆறிவிடுவதாக எழுதியுள்ளேன். (வாசகர், மதுரை)

அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து மாற்றுங்கள். படிக்கிற பிள்ளை அதை நம்பும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அதோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புமருந்தும் போடுவார்கள். பாட்டியே சோப்பை எடுத்து வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவிவிடட்டும். பாட்டியின் பெருமை கூடுமே தவிரக் குறையாது.

புல்வெளியில் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தூரத்திலிருந்து பார்த்தே நாய் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்வதாக முடிக்கலாமா? (வாசகர், சேலம்)

நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கிய நிறம். பந்தை நீலமாக்கிவிடுங்கள்.