மின்சார ஷவரை மாற்ற யாரை அழைப்பது? தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பன் பகுதியில் வீட்டு மின்வேலைகளை நெடுங்காலம் செய்து, பதிவு பெற்ற சோதனையாளராகவும் இருந்து, இப்போது ஓய்வில் இருக்கும் அன்பர் ஒருவர் இக்கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, எங்கள் குளியலறையில் உள்ள மின்சார ஷவர் பழுதாகிவிட்டது. அதில் தண்ணீர்க் குழாயும் இருக்கிறது, வயரும் இருக்கிறது. பிளம்பரை அழைப்பதா, எலெக்ட்ரீஷியனை அழைப்பதா?

பதில்: எலெக்ட்ரீஷியனை அழையுங்கள் அம்மா. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கூரைக்கடியில் கீசர் இருப்பதால், வெந்நீர் என்றாலே பிளம்பர் என்று நமக்குப் பழகிவிட்டது. கீசருக்கு அது சரிதான். 150 லிட்டர் தண்ணீரை அழுத்தத்துடன் தலைக்கு மேலே நிறுத்தி வைக்கும் அந்தத் தொட்டிக்கு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, பாதுகாப்பு வால்வு, கீழே கசிவைப் பிடிக்கும் தட்டு என்று பிளம்பர் கவனிக்க வேண்டியவை பல இருக்கின்றன. அதன் ஹீட்டரோ பொதுவாக 3 அல்லது 4 கிலோவாட்தான். ஷவரில் கணக்கு தலைகீழ். உள்ளே வருவது ஒரே ஒரு பச்சைத்தண்ணீர்க் குழாய். ஆனால் ஓடுகிற தண்ணீரை அந்த நொடியிலேயே சூடாக்க வேண்டியிருப்பதால் 7 கிலோவாட் ஷவர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கிறது. ஈரமான உடம்புக்கு ஒரு முழ தூரத்தில் நடக்கிற காரியம் இது. புதிய ஷவரின் குழாய் வாய் வேறு பக்கம் அமைந்திருந்தாலோ, சுவருக்குள் இருக்கும், தண்ணீரை நிறுத்தும் வால்வு கசிந்தாலோ மட்டும் பிளம்பர் தேவைப்படுவார். அப்போதும் குழாய் வேலை முழுவதும் முடிந்து, கசிவு இல்லையென்று பார்த்த பிறகே எலெக்ட்ரீஷியன் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

கேள்வி (பீனிக்ஸ்): பழைய ஷவர் 5.5 கிலோவாட். குளிர்காலத்தில் சூடு போதவில்லை என்பதால் 9.5 கிலோவாட் வாங்கிவிட்டேன். என் மாமா மகன் மின்வேலை தெரிந்தவன்; பழைய வயரிலேயே மாட்டிவிடலாம் என்கிறான். நம்பலாமா?

பதில்: உறவு கெடாமல் அவரை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். 5.5 கிலோவாட் ஷவர் சுமார் 24 ஆம்பியர் இழுத்தது. புதியது 41 ஆம்பியர் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப ஏறுவதால், அதே வயரில் முன்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சூடு உண்டாகும். ஷவர் அன்றைக்கே வேலை செய்யும், குளியலும் சுகமாகவே இருக்கும்; கூரைக்குள் வயரின் மேலுறை மெல்ல மெல்லக் கருகுவது உங்கள் கண்ணில் படாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கு வரும் இணைப்பு பலருக்கும் 60 ஆம்பியர்தான். ஷவருக்கு 41, கீசருக்கு 13, கெட்டிலுக்கு 9 என்று ஒரே நேரத்தில் ஓடினால் கூட்டிப் பாருங்கள். ஆகவே தகுந்த ஆள் யார் என்பதை அவர் சொல்கிற விலையைக் கேட்பதற்கு முன், அவர் உங்களிடம் கேட்கிற கேள்விகளைக் கொண்டே அறியலாம். முதன்மை பிரேக்கர் எத்தனை ஆம்பியர், பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) குளியலறை எவ்வளவு தொலைவு, இப்போதுள்ள கேபிளின் தடிமன் என்ன, அது கூரையில் வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கு அடியில் போகிறதா என்று கேட்காமல் தொலைபேசியிலேயே ஒரு தொகையைச் சொல்பவரை நான் என் வீட்டுக்குள் விடமாட்டேன். 9.5 கிலோவாட்டுக்குப் பெரும்பாலும் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் தேவைப்படும். புதிய கேபிள் இழுக்க மனமில்லையென்றால் கடையில் பேசி, பழைய அளவிலேயே ஒரு ஷவரை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (டொங்காட்): எல்லாரும் "சிஓசி தருகிறோம்" என்றே பக்கி (பிக்கப்) வண்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி இதில் இரண்டு பதிவுகள் உண்டு, மக்கள் குழம்புவது இங்கேதான். வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையிடம் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். இணக்கச் சான்றிதழில், அதாவது நாம் சிஓசி என்று சொல்லும் தாளில், கையெழுத்திடுபவர் தனியாகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர்களில் ஒருமுனை மின்சோதனையாளர், நிறுவல் எலெக்ட்ரீஷியன், முதன்மை நிறுவல் எலெக்ட்ரீஷியன் என மூன்று வகையினர் உண்டு. சாதாரண ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு முதல் வகையினரே போதும்.

இரண்டு பதிவு எண்களையும் வேலைக்கு முன்னரே கேட்டு வாங்கித் துறையில் சரிபாருங்கள். அதைவிட முக்கியமாக, கையெழுத்திடப் போகிறவர் நேரில் வருவாரா என்று கேளுங்கள். ஒருவர் வேலை செய்வதும், வீட்டைப் பார்த்தேயிராத இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் கண்ட கொடுமை. உண்மையான சோதனையாளர் அளவுக்கருவிகளுடன் வருவார். எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கிறதா என்பதைக் கருவி வைத்து அளந்து எழுதுவார். பொத்தானை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனால் அது சோதனை ஆகாது. சான்றிதழோடு சோதனை அறிக்கையும் இணைந்திருக்க வேண்டும். வெறும் முதல் தாளை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கோயிலில் நாலு பேர் சொன்ன பெயர் என்பது நல்ல தொடக்கம். ஆனாலும் அந்த நாலு பேரும் அவருடைய பேச்சைத்தான் பார்த்திருப்பார்கள், டிபி பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (மெரிபேங்க்): நான் வாடகைக்கு இருக்கிறேன். ஷவரை நானே ஆள் வைத்து மாற்றலாமா?

பதில்: வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்காதவரை, நிறுவலின் பாதுகாப்பும் சான்றிதழும் வாடகைக்கு விடுபவரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): மூன்று பேர் விலை சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதில் பாதிதான். பாதி விலைக்காரரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் பாதியில் எது விடுபட்டது என்று பாருங்கள். கேபிளும் பிரேக்கரும் சேர்ந்ததா, பழைய ஷவர் இருந்த இடத்தில் டைல்ஸில் தெரியப்போகும் ஓட்டைகளை யார் அடைப்பார்கள், சான்றிதழுக்குத் தனிக் கட்டணமா, வந்து பார்க்க மட்டும் எவ்வளவு என்பவற்றை மூவரிடமும் ஒரே மாதிரி எழுதி வாங்கினால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். பொருளுக்கு முன்பணம் கேட்பது நியாயமானதே. மீதித் தொகையைச் சான்றிதழும் அறிக்கையும் கையில் வந்த பிறகே கொடுங்கள். ஷவரில் வெந்நீர் வந்தது என்பதற்காகக் கொடுத்துவிட்டால் அந்தத் தாளுக்காக மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கும். வீட்டை விற்கும்போது இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சான்றிதழ் வேண்டும் என்பதையும், அதற்குப் பிறகு செய்த மாற்றத்துக்குத் தனிச் சான்றிதழ் இல்லையென்றால் பழையது செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (லெனேஷியா): மின்வெட்டுக் காலத்தில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டோம். அதில் புதிய ஷவரைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. 7 கிலோவாட் ஷவரை 5 கிலோவாட் இன்வெர்ட்டர் தாங்காது. ஷவரின் இணைப்பு இன்வெர்ட்டருக்குப் போகாத பகுதியில் இருக்க வேண்டும். உங்கள் டிபி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த, முடிந்தால் இன்வெர்ட்டரைப் பொருத்தியவரையே அழைப்பது நல்லது.

கேள்வி (ஸ்டாங்கர்): ஷவரின் இழுகயிற்று சுவிட்ச் தொட்டால் சூடாக இருக்கிறது; ஓரம் பழுப்பாகியிருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு வீடு நிறைய உறவினர் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு ஆளைக் கூப்பிடலாமா?

பதில்: அது உள்ளே தளர்ந்த இணைப்பு எரிகிற அடையாளம். இதைப் படித்தவுடன் டிபியில் அந்தப் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். ஆள் வந்து சுவிட்சைக் கழற்றி வயரின் நுனியையும் பார்க்கும்வரை ஏற்றாதீர்கள். உறவினர் வாளியில் வெந்நீர் கலந்து குளிக்கட்டும்.