வழிபாட்டுக் கூடத்தின் மின் கட்டணச் சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், மதச் சமூகங்களைத் தள்ளிவைத்துவிட்டுக் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று சொல்லியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனது ஒப்பவில்லை. நான் நம்பிக்கை உள்ளவள்தான். வாரம் தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறேன், எங்கள் சபையின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறேன். எந்த மதம் என்று சொல்லவில்லை, எங்கே போனாலும் கதை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். ஒரு பெரியவர், "இதெல்லாம் அரசியல், இங்கே கொண்டுவராதே" என்றார். இன்னொருவர், "அழிவு காலம் வந்துவிட்டால் யாரால் தடுக்க முடியும், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்றார். கடைசியில் யாருக்கும் வருத்தம் வேண்டாம் என்று மரக்கன்று நட்டோம், படம் எடுத்தோம். கன்றுகளில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

சட்டமும் அறிவியலும் போதாதா? உண்மையிலேயே மதத்தால் ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை அறிக்கைகள் மட்டும்தானா?

கே.

அன்புள்ள கே,

அறிக்கைகள் நிறைய இருக்கின்றன, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1986ல் இத்தாலியின் அசிசி நகரில் ஐந்து மதங்களின் பிரதிநிதிகள் கூடி இயற்கையைக் காப்பது பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். 1989ல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் தலைவரான கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்காகப் பிரார்த்திக்கும் நாளாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பர்த்தலமேயு 1997ல், இயற்கைக்குச் செய்யும் கேடு பாவம் என்றே சொன்னார். 2015ல், காலநிலை பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்துக்குச் சில மாதங்கள் முன்பு, கத்தோலிக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், பணக்கார நாடுகளும் எண்ணெய் எடுக்கும் நாடுகளும் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பூமியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியேற்றுவதை நிறுத்த வேண்டும் என்றார்கள். எண்ணெய் எடுக்கும் நாடுகளில் பல முஸ்லிம் நாடுகள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும். அவர்கள் சொந்த வீட்டைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

சரி, நீங்கள் கேட்டது நடந்ததைப் பற்றி. எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரின் பெம்பா தீவுக்குப் பக்கத்தில் மிசாலி என்று ஒரு சிறு தீவு. சுற்றிலும் பவளப்பாறைகள், நல்ல மீன்வளம், அதை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்கள். அங்கே சிலர் வெடி வைத்து மீன் பிடித்தார்கள். வெடி வைத்தால் மீன் மட்டும் சாவதில்லை, மீன் வளர்கிற பாறையே நொறுங்கிப்போகும், அது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். தடை இருந்தது. பாதுகாப்புத் திட்டங்களும் இருந்தன. ஆனால் நடுக்கடலில் ஒவ்வொரு படகிலும் ஒரு அதிகாரியை உட்கார வைக்க முடியுமா? கடைசியில் பள்ளிவாசல்கள் வழியாகப் பேசினார்கள். மனிதன் பூமியின் உரிமையாளன் இல்லை, பொறுப்பாளன். எல்லாவற்றிலும் ஒரு சமநிலை வைக்கப்பட்டிருக்கிறது, அதைக் குலைக்காதீர்கள் என்கிற குர்ஆனின் போதனையை மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்த மீனவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை, பிள்ளை வயதிலிருந்து கேட்டதுதான். கையில் இருக்கிற வெடியோடு அதை யாரும் அதுவரை சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பலர் வெடியைக் கைவிட்டார்கள். யாரும் பார்க்காத இடத்தில் கை தானாக நின்றது.

இன்னொன்று எத்தியோப்பியாவின் வட மேட்டுநிலம். மேலேயிருந்து எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள்: கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த பழுப்பு வயல், நடுவே வட்டமாக ஒரு பச்சைத் திட்டு, திட்டின் நடுவில் ஒரு தேவாலயம். அந்தப் பகுதியின் இயற்கைக் காடு விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள மரங்கள்தான். சில பல ஏக்கர் பரப்புள்ள சிறு காடுகள், ஆனால் அப்படி ஆயிரக்கணக்கில். மரம் இல்லாத தேவாலயம் ஆடை இல்லாத மனிதனைப் போல என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. தலைமுறை தலைமுறையாக யாரும் கோடரி எடுத்துப் போகவில்லை.

இதைச் சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. அலெமயெஹு வாசியே என்ற எத்தியோப்பிய சூழலியலாளர் அந்தக் காடுகளை ஆராய்ந்தபோது, பெரிய மரங்கள் இருக்க, கன்றுகள் இல்லாமல் போவதைக் கண்டார். மாடுகள் உள்ளே வந்து முளைகளை மேய்ந்துவிடுகின்றன. மரத்தை வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை இருந்தது, மாட்டைத் தடுக்க அது போதவில்லை; காடு உள்ளுக்குள்ளேயே கிழடாகிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் லோமனும் அவரும் குருமார்களிடம் போய்ப் பேசினார்கள். குருமார்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கி எடுத்துவந்து, காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். வயலும் சுத்தமானது, காடும் உள்ளே முளைவிட ஆரம்பித்தது. அறிவியல் இல்லாமல் அந்த ஆபத்து தெரிந்திருக்காது. ஆனால் குருமார்கள் சொல்லாமல் ஊர் கல் சுமந்திருக்குமா? சட்டமும் அறிவியலும் போதாதா என்று கேட்டீர்களே, அவை இல்லாமல் ஆகாது, அவை மட்டும் இருந்தும் ஆகாது என்று நான் நினைப்பது இதனால்தான். உங்கள் கன்றுகளுக்கு இல்லாமல் போனதும் அந்தச் சுவர்தான், கே. நடுவதற்கு ஒரு நாள் போதும். யார் தண்ணீர் ஊற்றுவது, மாடு வந்தால் யார் விரட்டுவது என்று பெயர் குறித்து வைத்த பிறகுதான் நட்டிருக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதம் இந்த விஷயத்தில் தரக்கூடியது அழகான வசனங்கள் அல்ல, வசனம் எல்லாரிடமும் இருக்கிறது. 'இதைத் தொடக் கூடாது', 'இத்தோடு போதும்' என்று ஒரு கூட்டமே மனமொப்பி ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாட்டை அதனால் உண்டாக்க முடியும், வேறு எவராலும் அவ்வளவு எளிதாக முடியாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சொல்கிறவர் மேல் முதலில் விழ வேண்டும். புத்தர் காலத்தில், துறவிகள் மழைக்காலத்திலும் ஊர் ஊராக நடந்து பயிரையும் சிறு உயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை சொன்னபோது, அவர் மக்களுக்கு உபதேசம் செய்யவில்லை, மழைக்கால மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்குங்கள் என்று தன் துறவிகளுக்கு விதி வைத்தார். ஏழாம் ஆண்டு நிலத்தை உழாமல் விடு என்ற யூத வேத விதியும் சொந்த வயிற்றைக் கட்டிய விதிதான்.

இன்றைக்கு அந்தக் கட்டுப்பாட்டின் வடிவம் பணம். இங்கிலாந்துத் திருச்சபையின் முதலீட்டு நிதி 1,000 கோடி பவுண்டுக்கு மேல். எண்ணெய் நிறுவனங்களின் பங்குதாரராக இருந்துகொண்டே அவற்றை மாற்ற வருடக்கணக்கில் முயன்றார்கள். பாரிஸ் இலக்குக்கு ஒத்துவராத நிறுவனங்களிலிருந்து 2023க்குள் விலகுவது என்று 2018ல் அவர்களுடைய பொது மன்றம் முடிவெடுத்தது. 2023ல் ஷெல், பிபி, எக்ஸான்மொபில் உட்பட மீதமிருந்த பெரிய எண்ணெய் நிறுவனங்களையும் விலக்கினார்கள். மெதுவாகத்தான் நடந்தது, எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனாலும் சொந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

உங்கள் இரண்டு பெரியவர்களுக்கு வருகிறேன். 'அரசியல்' என்றவருக்கு: தாய்லாந்தில் 1988 வாக்கில் பௌத்தத் துறவிகள் காட்டு மரங்களுக்குத் தாங்கள் உடுத்தும் காவி ஆடையைச் சுற்ற ஆரம்பித்தார்கள், துறவு பூண்ட மரத்தை வெட்ட மக்கள் கை கூசும் என்பதால். காட்டுக்காக நின்ற பிரசாக் என்ற துறவி 1991ல் கைது செய்யப்பட்டார். அவர் அரசியலைத் தேடிப் போகவில்லை, காட்டைக் காக்க நின்றார், அரசியல் அவரைத் தேடி வந்தது. அந்தப் பெரியவரிடம் சண்டை போட வேண்டாம், எது அரசியல் இல்லை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். மின் கட்டணம் அரசியலா? கூரை அரசியலா?

'அழிவு காலம்' என்றவருக்கு ஒரு நபிமொழி போதும்: இறுதி நாளே வந்துவிட்டாலும், உன் கையில் ஒரு கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடு. அவர் எந்த மதமாக இருந்தாலும் சரி, இதைக் கேட்டபின் 'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்று சொல்ல அவருக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த கூட்டத்துக்குக் காலநிலை என்ற சொல்லே இல்லாமல், கடந்த 12 மாத மின் கட்டணச் சீட்டுகளோடு போங்கள். வழிபாட்டுக் கூடம் வாரத்தில் சில மணி நேரம்தான் நிறைகிறது, மற்ற நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கூரையைப் பாருங்கள். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் மசூதிக் கூரையில் சோலார் தகடுகள் இருக்கின்றன, வாத்திகனின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் 2008லேயே சுமார் 2,400 தகடுகள் போட்டார்கள். அப்புறம் சபையின் வைப்புத்தொகை எங்கே, எதில் போடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 2003 கோடையில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் ஏராளமானவர்கள் தனியே வாழ்ந்த முதியவர்கள். அப்படிப்பட்ட வெயில் இனி அடிக்கடி வரும். எந்த முதியவர் தனியாக இருக்கிறார், எந்தப் படுக்கையில் யார் நோயாளி என்று அரசு அலுவலகத்துக்குத் தெரியாது, ஒரு சபைக்குத் தெரியும். வழக்கமாக இரண்டாம் வரிசையில் உட்காரும் பாட்டி இந்த வாரம் வரவில்லை என்பதை உங்களில் நான்கு பேர் கவனித்திருப்பீர்கள். அந்தக் கவனத்தை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். வெயில் எச்சரிக்கை வரும் நாளில் யார் யாருக்குத் தொலைபேசியில் பேசுவது, யார் நேரில் போவது, கூடத்தைப் பகலில் திறந்து வைத்துத் தண்ணீரும் மின்விசிறியும் கொடுப்பது யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள். இதற்கு எந்தப் பெரியவரும் மறுப்புச் சொல்லமாட்டார். நியாயமாக, முதலில் பெயர் கொடுப்பவர் அவராகவே இருக்கலாம்.

இந்த ஆண்டு கன்று நட வேண்டாம். பிழைத்து நிற்கிற கன்றுகளுக்கு முதலில் வேலி போடுங்கள். மின் கட்டணச் சீட்டுகளைப் பார்த்தபின் குழுவில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.