மாஸ்க் போதுமா, டியூப் வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. நீண்ட காலம் புகைபிடித்ததால் வந்த சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் மூச்சுத்திணறல் முற்றியபோது, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் பைபாப் கருவியைப் பொருத்தினார்கள். இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். சென்ற மாதம் நிமோனியா வந்தது. மறுபடியும் அதே கருவி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள். டியூபை எடுக்க 9 நாட்கள் ஆயின. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. அவசரப்பட்டுவிட்டார்களா? பைபாப் பலிக்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? இரண்டு முறையும் எடுத்த மருத்துவக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் அனுப்பிய தாள்களை இரவு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஆள் ஒருவர்தான். ஆனால் இரண்டு முறையும் அவருக்கு வந்த ஆபத்து வேறு வேறு.

முதல் முறை அவருடைய சுவாசத் தசைகள் களைத்துப்போய், கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்கியிருந்தது. ரத்தத்தின் பி.எச். 7.27. அது 7.35க்குக் கீழே இறங்கினாலே ரத்தம் அமிலமாகிவிட்டது என்று பொருள். களைத்த தசைக்குத் தோள் கொடுப்பதில் பைபாப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் டியூப் போடும் தேவையையும் மரணங்களையும் அது குறைக்கிறது என்பது 1990களிலேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்போதும் மாஸ்க் நன்றாகக் கைகொடுக்கும்.

நிமோனியாவில் கதை மாறுகிறது. காற்றறைகளே சீழாலும் நீராலும் நிரம்பிக் கிடக்கும்போது, வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் அவை உடனே திறந்துவிடுவதில்லை. நோய் தணியப் பல நாட்கள் ஆகும். அதுவரை மாஸ்க்கோடு தாக்குப்பிடிக்க எல்லோராலும் முடிவதில்லை. எனவே நோய் எது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதியைக் கருவியைப் பொருத்தும் நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லலாம். அதற்கென்றே 2017இல் 'ஹேகார்' (HACOR) என்ற மதிப்பெண் முறை வெளியானது. இதயத் துடிப்பு, ரத்தத்தின் அமிலத்தன்மை, உணர்வு நிலை, ஆக்சிஜன் அளவு, சுவாச எண்ணிக்கை ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். அதிகபட்சம் 25. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 5க்கு மேல் இருந்தால் மாஸ்க் தோற்கும் வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் தந்தையின் தாள்களை வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். முதல் முறை ஒரு மணி நேரத்தில் பி.எச். 7.33க்கு ஏறியிருக்கிறது, சுவாசம் நிமிடத்துக்கு 34இலிருந்து 24க்கு இறங்கியிருக்கிறது, நல்ல தெளிவோடு பேசியிருக்கிறார். மதிப்பெண் வெறும் 2. இரண்டாம் முறை ஒரு மணி நேரம் கழிந்தும் சுவாசம் 38, துடிப்பு 126, பி.எச். 7.32, பேச்சில் லேசான குழப்பம். 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 72தான். கொடுத்த ஆக்சிஜன் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்று பார்க்க, 72ஐ 0.6ஆல் (அதாவது 60 சதவீதத்தால்) வகுத்தால் 120 வருகிறது. ஆரோக்கியமானவருக்கு இது 400ஐத் தாண்டும். மதிப்பெண் 12. அவசரப்பட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் டியூப்தான் போட்டிருப்பேன்.

எண்களை மட்டும் நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் புடைக்கின்றனவா, மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிகிறதா, சளியை இருமித் துப்ப வலு இருக்கிறதா, வாந்தி வருகிறதா என்றெல்லாம் பார்ப்போம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவையும் கவனிப்போம். நோயாளி வெறியோடு பெரிது பெரிதாகக் காற்றை இழுப்பது நல்ல அறிகுறி என்று குடும்பத்தினர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இழுப்பே நோயுற்ற நுரையீரலை மேலும் புண்ணாக்கக்கூடும்.

தாமதம் என்ன செய்யும் என்பதை நான் என் இளம் மருத்துவப் பருவத்தில் கற்றேன். ஓர் இரவுப் பணியில் நிமோனியா நோயாளி ஒருவருக்கு மாஸ்க் பொருத்தியதும், விரலில் மாட்டிய கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 95 சதவீதம் என்று காட்டியது. அந்த 95ஐப் பார்த்து நிம்மதியடைந்தேன். அவர் நிமிடத்துக்கு 40 முறை மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. விடியற்காலையில் முற்றிலும் சோர்ந்து சரிந்த பிறகுதான் டியூப் போட்டோம். அவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து கடிகாரத்தைக் கையில் பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணாமல் எந்தப் படுக்கையையும் விட்டு நகர்வதில்லை. ஹேகார் முறையை வெளியிட்ட ஆய்விலும், மதிப்பெண் 5ஐத் தாண்டியவர்களில் 12 மணி நேரத்துக்குள் டியூப் போடப்பட்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது.

நீங்கள் கெஞ்சியதற்காக மனம் குமைய வேண்டாம். டியூப் என்ற சொல்லைக் கேட்டு எந்த மகளும் கெஞ்சத்தான் செய்வாள். இந்த இரண்டு தாள்களையும் ஓர் உறையில் போட்டு, எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். நலமாக இருக்கும் நாட்களில் அவருடைய கார்பன் டை ஆக்சைடு அளவு என்ன என்பதையும் மருத்துவரிடம் கேட்டு அதில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால், மாஸ்க் பொருத்தி ஒரு மணி நேரம் கழித்து, "மூச்சு எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா, பி.எச். ஏறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். இன்னொன்று இருக்கிறது. அப்பா இப்போது தெளிவாகப் பேசுகிறார் அல்லவா? மாஸ்க் பலிக்காமல் போனால் மறுபடியும் டியூப் போட அவருக்குச் சம்மதமா என்று அவரிடமே கேளுங்கள். 9 நாட்கள் அதை அனுபவித்தவர் அவர்தானே.