'டக்' சத்தம் மட்டும் கேட்கிறது, டீலர் ஸ்ராட்டரை மாற்றவேண்டும் என்கிறார்: என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் சட்பரியில் இருக்கிறேன். போன இலையுதிர்காலத்தில் நான்கு வருடப் பழசான ஒரு 600 சிசி இரண்டு ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் வாங்கினேன். தை மாதம் மைனஸ் 24 குளிரில் பட்டனை அழுத்தினால் ஒரு 'டக்' சத்தம்தான் வந்தது, என்ஜின் சுற்றவே இல்லை. டீலரிடம் கொண்டுபோய் விட்டேன். முதல் வாரம் "இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, நன்றாக ஸ்ராட் ஆகிறது" என்றார்கள். அடுத்த வாரம் ஸ்ராட்டர் மாற்றவேண்டும், 1,100 டொலர் வரும் என்றார்கள். இப்போது மூன்றாவது வாரம், சாமான் வரவில்லையாம். சீசன் முடியப் போகிறது. மெஷினைத் திருப்பி எடுக்கலாமா? வாங்கும்போது எடுத்த எக்ஸ்ரெண்டட் வாரண்டி உதவுமா?

பதில்: எடுக்கலாம் தம்பி, இந்த வாரமே எடுங்கள். சாமான் இன்னும் வரவில்லை என்றால் உங்கள் மெஷின் அவர்களுடைய முற்றத்தில் நின்று என்ன பயன்? வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முதல் ஒன்றைக் கேட்கவேண்டும். முதல் வாரம் நன்றாக ஸ்ராட் ஆன மெஷினுக்கு இரண்டாம் வாரம் எதை அளந்து பார்த்து ஸ்ராட்டர் போய்விட்டது என்றார்கள்? உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த இடம்தான்.

'டக்' என்ற சத்தம் அநேகமாக ஸ்ராட்டரிலிருந்து, அதாவது என்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டாரிலிருந்து, வருவதில்லை. அது சொலனொயிட் என்கிற சின்ன டப்பாவுக்குள்ளே வருகிற சத்தம். ஒரு பக்கம் பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரும் மறுபக்கம் ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த வயரும் அதில் பூட்டியிருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது அது உள்ளே இரண்டையும் இணைத்துவிடுகிறது. அந்தச் சத்தம் போடக் கொஞ்ச மின்சாரம் போதும். என்ஜினைச் சுற்றுவதற்கோ அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆகவே 'டக்' கேட்கிறது, என்ஜின் சுற்றவில்லை என்றால், பட்டனும் பியூஸும் சரி, அதற்குப் பின்னால் எங்கேயோ பெரிய மின்சாரம் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். பற்றரி தளர்ந்திருக்கலாம், வயர் முனையில் பச்சை பூத்திருக்கலாம், என்ஜினோடு பூட்டிய எர்த் வயர் தளர்ந்திருக்கலாம், சொலனொயிட்டின் உட்பக்கம் கருகியிருக்கலாம். ஸ்ராட்டரே போயிருக்கவும் கூடும்தான், ஆனால் வரிசையில் அது கடைசி ஆள்.

குளிரில் முதலில் கை விடுவது பற்றரி. மைனஸ் 18 அளவிலேயே ஈயப் பற்றரியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே நேரம் என்ஜினும் இறுகிப்போய்ச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். கோடையில் ஆறு மாதம் கொட்டிலில் சும்மா கிடந்த பற்றரி என்றால் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி எங்கள் ஊர்க் குளிரில் உறையாது, சார்ஜ் இறங்கிய பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழே சில பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும். ஒரு தரம் உறைந்து வீங்கியதை எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நம்பவேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

வோல்ற் அளக்கிற இருபது முப்பது டொலர் மீற்றர் ஒன்று வாங்குங்கள். மெஷினை இரவு முழுக்க வெளியே குளிரில் விட்டு, காலையில் பட்டனைத் தொடுவதற்கு முதல் பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரை வையுங்கள். 12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. இப்போது பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, கையையும் சால்வையையும் பெல்ற் பக்கம் கொண்டுபோகாமல், மற்றவர் ஒருவர் பட்டனை அழுத்த நீங்கள் மீற்றரையே பாருங்கள். எண் 9.6-க்குக் கீழே விழுந்துவிட்டால் முதல் சந்தேகம் பற்றரிமேல். 'டக்' கேட்டும் எண் 12.5-இலேயே அசையாமல் நின்றால் பற்றரியிலிருந்து யாரும் மின்சாரம் எடுக்கவே இல்லை, பாதை எங்கேயோ அறுந்திருக்கிறது. அப்போது மீற்றரைச் சொலனொயிட்டின் இரண்டு தடித்த முனைகளில் வைத்து மறுபடி அழுத்துங்கள். அழுத்தாதபோது 12 காட்டும், அழுத்தியதும் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கவேண்டும். இறங்காவிட்டால் சொலனொயிட் போய்விட்டது, அது ஸ்ராட்டரின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். கடைசியாக, பற்றரியின் மைனஸ் முனைக்கும் என்ஜினின் வெறும் உலோகத்துக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்டுங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துச் சொலனொயிட்டைப் பாலம் போடுகிற வித்தையை யாராவது காட்டியிருந்தால் மறந்துவிடுங்கள், பொறி பறக்கும், மெஷின் உங்கள் காலடியிலேயே ஸ்ராட் ஆகும்.

சரி, டீலர் "இங்கே நன்றாக ஸ்ராட் ஆகிறது" என்றாரே, அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அவருடைய கராஜ் சூடாக்கிய கராஜ். உங்கள் மெஷினை உள்ளே தள்ளி மூன்று மணி நேரம் கழித்துத்தான் மெக்கானிக் கை வைக்கிறார். அதற்குள் பற்றரிக்கு உயிர் வந்துவிடும், ஸ்ராட்டரின் பற்சக்கரத்தில் இறுகியிருந்த பழைய கிரீஸ் இளகிவிடும், ஓடும்போது உருகி உள்ளே இறங்கி இரவில் கட்டியாகியிருந்த பனித் தண்ணீரும் சொட்டி வடிந்துவிடும். பிளஸ் 20-இல் பழுதே இல்லை! பிறகு ஒரு மணி நேரப் பரிசோதனைக் கூலியை எழுதி மெஷினை வெளியே தள்ளுவார்கள், உங்கள் வீட்டு முற்றத்தில் அடுத்த நாள் காலை மறுபடி 'டக்'. குளிரில் வருகிற பழுதைச் சூட்டில் தேடுகிற இந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். இரவில் வெளியே விட்டுக் காலையில் வெளியே வைத்தே சோதிப்பதற்கு ஒருவருக்குப் பத்து நிமிடம் செலவாகும், அதைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே மெஷினைக் கொடுக்கும்போதே வொர்க் ஓடரில், அதாவது நீங்கள் கையெழுத்துப் போடுகிற வேலைச் சீட்டில், எழுதச் சொல்லுங்கள்: "இரவு வெளியே நிறுத்தி, குளிர்ந்த நிலையில் சோதிக்கவும். அழுத்தும்போது பற்றரி வோல்ற் எவ்வளவு என்று எழுதவும்." அந்த எண்ணை எழுதித் தராமல் ஸ்ராட்டர் மாற்றவேண்டும் என்று சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார், அந்த ஊகத்துக்கு நீங்கள் 1,100 டொலர் கட்டவேண்டியதில்லை.

இணையத்தில் பாதி விலைக்கு ஸ்ராட்டர் விற்பவர்களிடமும் ஓடாதீர்கள். படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று. பல்லின் எண்ணிக்கை ஒன்று பிசகினால் என்ஜின் பக்கத்துப் பெரிய பற்சக்கரத்தையே கடித்துத் துப்பிவிடும். என்னிடம் வந்த ஒருவர் தன்னுடைய ஸ்கீ-டூ ஸ்னோமொபைலுக்கென்று ஒரு ஸ்ராட்டர் வாங்கிக்கொண்டே வந்தார். அவருடைய மாடல் ஷாட் என்ற முறையில் இயங்குவது. அதில் ஸ்ராட்டரும் இல்லை, பற்றரியும் இல்லை. முதல் தரம் கயிற்றால் இழுத்து ஸ்ராட் பண்ணிய பிறகு ஒரு கப்பாசிற்றர் மின்சாரத்தைப் பிடித்து வைத்து அடுத்த தரம் பட்டனை அழுத்தியதும் என்ஜினைச் சுற்றுகிறது. மாடல் எண்ணைக் கேட்டுத்தான் அனுப்பியதாக விற்றவர் சொன்னாராம். காசு திரும்பி வரவில்லை.

வாரண்டிக்கு வருவோம். கொம்பனியின் வாரண்டி பொதுவாக ஒரு வருடம், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. நீங்கள் எடுத்திருப்பது விற்பனை மேசையில் கடைசி நிமிடத்தில் நீட்டப்படுகிற, மெஷின் செய்த கொம்பனியுடையது அல்லாத மூன்றாம் ஆள் வாரண்டி என்றே நினைக்கிறேன். அந்தத் தாளை விற்பவருக்குக் கொமிஷன் உண்டு, அதனால்தான் "மாதம் இத்தனை டொலர்தானே" என்று சொல்லித் தள்ளுகிறார்கள். இப்போதே எடுத்து இரண்டு இடத்தை மட்டும் வாசியுங்கள். ஒன்று, திருத்துவதற்கு முதல் அவர்களுடைய அனுமதி வேண்டுமா என்பது. அநேகமாக வேண்டும். டீலர் கை வைத்த பிறகு கூப்பிட்டால் ஒரு சதமும் தரமாட்டார்கள். மற்றது, எதற்கெல்லாம் பணம் இல்லை என்ற பட்டியல். பற்றரி, தேய்மானம், துரு மூன்றும் அங்கே இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஸ்ராட்டர் மோட்டார் மட்டும்தான். அதைச் சில டீலர்களும் நன்றாக அறிவார்கள், ஏன் பழுது எப்போதும் ஸ்ராட்டரிலேயே போய் முடிகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வாரண்டி வேலைக்கு டீலருக்குக் காசு கொடுப்பது கொம்பனி. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கொம்பனியே எழுதி வைத்திருக்கும், உங்களிடம் வாங்குகிற கூலியைவிட அது குறைவாகவே வரும். ஆகவே தை, மாசியில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்கும்போது வாரண்டி மெஷின் வரிசையில் கீழே போகிறது. இது ஒரு மெக்கானிக்கின் கெட்ட குணத்தால் நடப்பதில்லை, ஏற்பாடே அப்படி. மெஷினை விற்கும்போது குடும்பமாகக் கூப்பிட்டுக் கோப்பி கொடுக்கிற தொழில், பழுதென்று வரும்போது மூன்று வாரம் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதை இனியாவது நிறுத்தவேண்டும். உங்களால் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அதே கொம்பனியின் எந்த டீலரும் வாரண்டி வேலை செய்யலாம், வாங்கிய இடத்திலேயே காத்துக் கிடக்கத் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் எனக்கு அடிக்கடி சொல்கிற ஒரு விஷயம் பிழை, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒன்ராறியோவில் கார் கராஜ்களில் "திருத்திய வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம், பழைய சாமானைத் திருப்பித் தரவேண்டும், எழுத்தில் எஸ்ரிமேற் (செலவுக் கணிப்பு) தரவேண்டும்" என்று இருக்கும். அது 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, உண்மை. ஆனால் அந்தப் பகுதி 'வாகனம்' என்று சொல்வது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் வாகனம் என்று சொல்வதைத்தான். அந்தச் சட்டமோ பனியில் ஓடும் மோட்டார் வண்டியைப் பெயர் சொல்லியே வெளியே விட்டிருக்கிறது. ஆகவே ஸ்லெட்டை, அதாவது ஸ்னோமொபைலை, ஏற்றிக்கொண்டு போகிற உங்கள் பிக்கப்புக்கு அந்த 90 நாள் உண்டு, பின்னால் டிரெயிலரில் நிற்கிற ஸ்லெட்டுக்கு இல்லை. டீலரிடம் போய் அந்த வரியைச் சொன்னால், தெரிந்தவர் என்றால் மறுத்துவிடுவார், உங்களுக்கு அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். அமெரிக்க இணையப் பக்கங்களை வாசித்துவிட்டு மக்னுசன் மொஸ் என்ற வாரண்டிச் சட்டம் என்று பேசுவதும் இதே கதைதான், அது எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்.

அப்படியென்றால் நமக்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. அதே 2002 சட்டத்தின் பொதுப் பகுதி ஸ்லெட்டுக்கும் பொருந்தும். உங்களோடு செய்த ஒப்பந்தத்தில் எஸ்ரிமேற் எழுதியிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்கக்கூடாது. வேலை நியாயமான தரத்தில் இருக்கவேண்டும். இங்கே உயிர்நாடி, எழுதியிருக்கவேண்டும் என்பதுதான். தொலைபேசியில் சொன்ன 1,100 டொலரை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்? அதனால் சட்டம் தராத மற்ற இரண்டையும் நீங்களே வொர்க் ஓடரில் கேட்டு வாங்குங்கள்: பழைய ஸ்ராட்டர் எனக்குத் திருப்பித் தரவேண்டும், இந்த வேலைக்கு 90 நாள் உத்தரவாதம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே உங்கள் ஒப்பந்தம். சொல்லவே கூச்சப்படுபவர்கள் நம்மில் அதிகம், தம்பி. தயவுசெய்து கூச்சப்படாமல் கேளுங்கள்.

மெஷினை எடுக்கப் போகும்போது பரிசோதனைக் கூலி கட்டச் சொல்வார்கள். கட்டாமல் சண்டை பிடிக்காதீர்கள். திருத்துபவருக்கு அவருடைய கூலி கிடைக்கும்வரை பொருளைப் பிடித்து வைக்கிற உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் இருக்கிறது. தொகையை நீதிமன்றத்தில் கட்டி மெஷினை விடுவிக்கிற வழியும் உண்டு, ஆனால் நூறு இருநூறு டொலருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பில்லில் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மெஷினை ஏற்றிக்கொண்டு வாருங்கள். சாமானுக்கு முற்பணம் கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் எந்தத் திகதியில் ஓடர் செய்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஓடரே போடாமல் "வரவில்லை" என்று சொல்லப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு நிம்மதியாக ஓடுங்கள். உங்கள் மாடலில் இழுக்கும் கயிறு இருந்தால், பட்டன் வேலை செய்யாவிட்டாலும் இந்தச் சீசனை அதாலேயே ஓட்டி முடிக்கலாம். கயிறு எங்கேயாவது நார் நாராகப் பிரிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், கயிறு மலிவு. இழுக்கும்போது கரகரவென்று அரைபடும் சத்தம் வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், ஸ்ராட்டரின் பல் சிக்கியிருக்கிறது என்று பொருள், மேலும் இழுத்தால் சேதம் கூடும். நான்கு ஸ்ட்ரோக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. எதுவானாலும் தனியாக ஆழக் காட்டுப் பாதைக்குப் போகாதீர்கள், சட்பரிக்கு வடக்கே பல இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னலே வராது. மைனஸ் 24-இல் கயிறும் அறுந்துபோனால் உங்களைத் தேடி வர ஒருவராவது பக்கத்தில் இருக்கவேண்டும்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஒரு குளிர்ந்த காலையில் நான் சொன்னபடி அளந்து, பட்டனை அழுத்துவதற்கு முதல் காட்டிய எண்ணையும் அழுத்தும்போது காட்டிய எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டையும் பார்த்தால் ஸ்ராட்டருக்குக் காசு கட்டுவதா, பற்றரிக்கா, ஒரு வயருக்கா என்று சொல்லிவிடுவேன்.