சிப்ஸ் பாக்கெட்டைப் பழைய பேப்பர்காரர் ஏன் வாங்குவதில்லை?

பால் கவரை எடுத்துக்கொள்பவர் சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் ஏன் ஒதுக்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குகிறதல்லவா? அது அலுமினியப் பூச்சு. அதோடு பிளாஸ்டிக் படலங்கள் ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கிற செலவு கட்டுப்படியாகாது. எடையும் தேறாது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் (2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர்) பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்து ரோடு போடக் காட்டிய வழியில் பிரிக்கவே வேண்டாம். பொடியாக நறுக்கி, ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஜல்லியில் தூவினால் உருகி மேலே படியும். அப்புறம்தான் தார். தண்ணீர் உள்ளே இறங்குவது குறைவதால் குழியும் குறையும். பிவிசி (தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக்) மட்டும் சேர்க்கவே கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும்.

என்னைக் கேட்டால் இதை முழு மறுசுழற்சி என்று சொல்லமாட்டேன். ரோட்டில் போட்டது மறுபடி பாக்கெட்டாகப் போவதில்லை.