ரிப்கனின் இரண்டு கார்டில் எது ரூக்கி?

கேள்வி: நாங்கள் பால்டிமோர் பக்கம் இருக்கிறோம். பேஸ்பால் பைத்தியமான என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக, வீரர் கால் ரிப்கன் ஜூனியரின் ரூக்கி கார்டு வாங்க நினைக்கிறேன். டாப்ஸ் கம்பெனியின் 1982 கார்டு என்று டீலர் இரண்டு காட்டினார். ஒன்றில் மூன்று பேர் படம், விலை குறைவு. இன்னொன்றில் ரிப்கன் மட்டும், விலை பல மடங்கு. "இதுதான் ட்ரூ ரூக்கி" என்கிறார். நம்பலாமா?

பதில்: மூன்று பேர் இருப்பதுதான் ரூக்கி. விலை கூடியது அசல் கார்டாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு அவர் சூட்டும் பட்டம் தவறு.

உரிமம் பெற்ற கம்பெனி நாடு முழுக்க விற்கும் வழக்கமான செட்டில், பாக்கெட் வாங்கும் யாருக்கும் கிடைக்கிற மாதிரி, ஒரு வீரர் முதன்முதலாக வந்த வருடத்துக் கார்டுதான் ரூக்கி. இவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

ரிப்கன் 1981 ஆகஸ்டில் பால்டிமோர் அணியான ஓரியோல்ஸுக்கு ஆட வந்தார். 1982 செட்டின் 21ஆம் எண் கார்டில் டாப்ஸ் அவரை பாப் பானர், ஜெஃப் ஷ்னைடர் இருவரோடும் சேர்த்து, 'ஃப்யூச்சர் ஸ்டார்ஸ்' என்று போட்டது. ரிப்கன் தொடர்ச்சியாக 2,632 ஆட்டம் ஆடிச் சாதனை படைத்தார். மற்ற இருவரை இன்று அந்தக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அதே வருடம் பிற்பாடு 'டாப்ஸ் ட்ரேடட்' என்று 132 கார்டுகளை ஒரே பெட்டியாக டீலர்கள் மூலம் விற்றார்கள். பாக்கெட்டில் வரவில்லை. ரிப்கன் தனியாக நிற்பது அதில்தான். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், எண் 98டி என்று இருக்கும். அந்த 'டி' இருந்தால் பெட்டிக் கார்டு. விலைப் புத்தகக்காரர்கள் இதை ரூக்கியிலும் சேர்க்காமல், தள்ளவும் மனசில்லாமல், 'எக்ஸ்ஆர்சி' (எக்ஸ்டெண்டட் ரூக்கி கார்டு) என்று தனிப் பெயர் வைத்தார்கள். பேரி பாண்ட்ஸ் என்ற வீரருக்கும் இதே கதை: 1986 ட்ரேடட் எக்ஸ்ஆர்சி, 1987 டாப்ஸ் ரூக்கி. படம் தனியாக இருப்பதாலும் குறைவாகக் கிடைப்பதாலும் 98டி விலை ஏறியது. விலை கூடுதல் என்பதற்காக எக்ஸ்ஆர்சி ரூக்கி ஆகிவிடாது. இதைத்தான் டீலர்கள் குழப்புகிறார்கள், பலர் தெரிந்தே.

'ட்ரூ ரூக்கி' என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள். 'ரூக்கி இயர்', 'முதல் கார்டு' எல்லாம் அதே வகை. பிளாஸ்டிக் உறையில் பூட்டி வந்த கார்டைக் காட்டி "கிரேடிங் கம்பெனியே சொல்லிவிட்டது" என்பார்கள். கார்டு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த மார்க். ரூக்கி என்று தீர்ப்பு எழுதுவது அவர்கள் வேலை இல்லை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் 2006இல் வீரர்கள் சங்கமும் லீக்கும் சேர்ந்து 'ஆர்சி' (ரூக்கி கார்டு) முத்திரையைக் கொண்டுவந்தன. பெரிய லீக் அணியில் இடம்பிடித்தவருக்குத்தான் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அணிக்கு வராத பையன்களின் கார்டை விற்பதை நிறுத்தினார்களா? இல்லையே! இப்போது அதில் 'ஃபர்ஸ்ட் போமன்' (போமன் டாப்ஸின் இன்னொரு பிராண்டு) என்று இன்னொரு முத்திரை. மைக் ட்ரௌட் என்ற வீரரின் ஆர்சி 2011 டாப்ஸ் அப்டேட். சந்தை ஓடுவது, அவர் அணிக்கு வருமுன்பே வந்த 2009 போமன் பின்னால். அதில் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள வகை 2020இல் 39 லட்சம் டாலருக்கு மேல் போனது. விதி ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம். வாங்குகிறவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மகனுக்கு ரிப்கன் தனியாக இருக்கும் படம்தான் வேண்டுமென்றால், வேறு கம்பெனிகளின் 1982 டான்ரஸ் 405, 1982 ஃப்ளீர் 176 இரண்டிலும் அவர் மட்டும்தான். இரண்டும் பாக்கெட்டில் வந்தவை, இரண்டும் ரூக்கி, விலையும் 98டிக்குப் பக்கத்தில்கூட வராது. டீலர் இவற்றைக் காட்டவில்லை என்றால் காரணம் உங்களுக்கே புரியும். கேட்டு வாங்குங்கள். நான்கு மூலைகளும் மழுங்காமல் இருக்கின்றனவா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.